'டேக்' எனும் வினையும் அதன் இடைச்சொற்களும்: கீழக்கரையின் மும்மொழிப் பின்னணியில் ஓர் ஆய்வு

ஆங்கிலத்தின் 'டேக்' என்ற வினைக்கு எடு, வாங்கு, கொள் என்று தமிழில் பொருள் சொல்லிவிடலாம். அதன் பின்னால் 'ஆஃப்' என்ற சிறுசொல் வந்து சேர்ந்தால் செருப்பைக் கழற்றுவது, விமானம் மேலெழுவது, வணிகம் சூடுபிடிப்பது, ஒருவரைப் போலவே பேசி நடித்துக் காட்டுவது என்று பொருள் பலவாகப் பிரிகிறது. 'இன்' சேர்ந்தால் அடைக்கலம் கொடுப்பதும், படித்ததை மனத்தில் வாங்கிக்கொள்வதும், ஏமாற்றுவதும், சட்டையை இடுப்பில் பிடித்துத் தைப்பதும் அதே வினையின் வேலையாகின்றன. இப்படி ஒரு வினையும் ஓர் இடைச்சொல்லும் இணைந்து ஒற்றை வினையாகப் பொருள் தருவதை ஆங்கில இலக்கணம் ஃபிரேசல் வெர்ப் என்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள்களில் இது ஒரு மதிப்பெண் வினாவாக வருகிறது. பொறியியல் படிப்பின் முதலாண்டு ஆங்கிலப் பாடத்திலும் இடம்பெறுகிறது. தேர்வுக்காகப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் பேச்சில் இவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இதன் காரணத்தையும், தமிழும் அரபும் அறிந்த ஓர் ஊரின் மொழி அனுபவம் இதற்கு எவ்வளவு தூரம் துணை செய்யும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் வரலாறும்

'டேக்' பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்ற வினை இருந்தது. ஜெர்மன் மொழியின் 'நேமன்' அதற்கு உறவு. ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் அவர்களுடைய 'டாகா' என்ற வினை உள்ளே வந்தது. சில நூற்றாண்டுகளில் அது பழைய வினையை வழக்கிலிருந்து விலக்கித் தான் நிலைபெற்றது.

வினைக்குப் பின் இடைச்சொல் வந்து பொருளை மாற்றும் இயல்பைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அயலார் ஆங்கிலம் கற்கும்போது பெரிதும் இடர்ப்படும் இடம் இதுதான் என்பது அவர் கருத்து. அந்த அகராதியில் 'டேக்' வினைக்கு மட்டும் 134 பொருள்கள் பிரித்துத் தரப்பட்டுள்ளன. ஃபிரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925-இல் வந்த தம் நூலில், அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவர் குறிப்பிட்டார்.

1930-இல் சி. கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிய ஆங்கிலத் திட்டத்தை முன்வைத்தார். 850 சொற்கள் போதும் என்றது அத்திட்டம். அவற்றில் வினைகள் 18 மட்டுமே, 'டேக்' அவற்றில் ஒன்று. நுழை, கழற்று, நீக்கு போன்ற பொருள்களுக்குத் தனி வினை வேண்டாம், எளிய வினையோடு இடைச்சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது அதன் அடிப்படை. சொற்பட்டியல் சுருங்கியது உண்மை. ஆனால் 18 வினைகளும் இடைச்சொற்களும் சேர்ந்து உண்டாக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களை மாணவர் தனியே கற்கவேண்டியிருந்தது. சொல்லின் எண்ணிக்கை குறைந்ததால் கற்க வேண்டிய சுமை குறைந்துவிடவில்லை என்பதற்கு அத்திட்டமே சான்றாயிற்று.

சில வினைகள், பெரும் பங்கு

இந்த வினைகள் எல்லையின்றி விரிவன போலத் தோன்றினாலும் வழக்கில் அவை ஒரு சிறு வட்டத்துக்குள் திரள்கின்றன. டீ கார்டனர், மார்க் டேவிஸ் ஆகிய இருவரும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். 20 வினைகளே எல்லா ஃபிரேசல் வெர்ப் வரவுகளிலும் பாதிக்கு மேல் இடம்பிடிக்கின்றன. 'டேக்' அந்த இருபதில் ஒன்று. அதே 20 வினைகள் 'அவுட்', 'அப்', 'ஆன்', 'பேக்', 'டவுன்', 'இன்', 'ஆஃப்', 'ஓவர்' என்ற 8 இடைச்சொற்களோடு சேரும் சேர்க்கைகளை மட்டும் எண்ணினாலும் மொத்த வரவில் பாதி வந்துவிடுகிறது.

பொருள்களின் எண்ணிக்கைதான் அடுத்த இடர். மிகுதியாக வழங்கும் 100 ஃபிரேசல் வெர்ப்களுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன என்று அதே ஆய்வு காட்டியது. மெலடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் ஆகியோர் 2015-இல் இன்னொரு வழியில் கணக்கிட்டனர். 150 ஃபிரேசல் வெர்ப்களை எடுத்துக்கொண்டு, உண்மையில் அடிக்கடி வரும் பொருள்களை மட்டும் பிரித்தபோது 288 கிடைத்தன. அகராதி அடுக்கும் பொருள்கள் பலவாயினும், ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான இடங்களைக் கடந்துவிடலாம் என்பது இதன் பயன்.

தவிர்க்கும் பழக்கம்

ஆங்கிலம் கற்பவர்கள் ஃபிரேசல் வெர்ப்பைப் புரிந்துகொண்டாலும் பேசும்போது ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதை ஆய்வுகள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. 1985-இல் மெனாகெம் டாகுட், பட்டியா லாஃபர் ஆகியோர் ஹீப்ரு பேசும் மாணவரிடம் இதைக் கண்டனர். ஹீப்ருவில் இவ்வகை வினையே இல்லாததைக் காரணமாகக் கூறினர். 1989-இல் ஹுல்ஸ்டைனும் மார்ச்செனாவும் டச்சு மாணவரை ஆராய்ந்தனர். டச்சு மொழியில் இதே அமைப்பு உண்டு. அப்படியிருந்தும், நேர்ப்பொருள் தராத ஃபிரேசல் வெர்ப்களை அம்மாணவர்களும் தவிர்த்தார்கள். 2004-இல் சீன மாணவரை ஆராய்ந்த லியாவும் ஃபுகுயாவும், இடைநிலை மாணவரிடம் தவிர்ப்பு மிகுதி என்றும் உயர்நிலைக்குச் சென்றதும் அது குறைகிறது என்றும் கண்டனர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தாய்மொழியின் அமைப்பு, பொருளின் மறைவு, பழக்கத்தின் அளவு ஆகிய மூன்றுமே காரணங்கள் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. இங்கே ஆங்கிலம் முதலில் பாடநூலாகவும் அலுவலகக் கடிதமாகவுமே அறிமுகமாகிறது. கடித ஆங்கிலத்தில் லத்தீன் வழிவந்த நீண்ட வினைகள் மதிப்பானவை. 'ரிமூவ்', 'அசெப்ட்', 'கமென்ஸ்', 'ரிசெம்பிள்' என்று எழுதுபவர் பிழை செய்யவில்லை. ஆனால் நேர்முகத் தேர்விலும் தொலைபேசியிலும் தொழிற்கூடத்திலும் காதில் விழுவது 'டேக் ஆஃப்', 'டேக் ஆன்', 'டேக் அப்', 'டேக் ஆஃப்டர்' என்பவை. கேட்பது ஒன்றும் படித்தது ஒன்றுமாக இருக்கும்போது தயக்கம் பிறக்கிறது.

கீழக்கரையின் மொழிப் பின்னணி

இராமநாதபுரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள கீழக்கரை, பல மொழிகளோடு நெடுங்காலம் பழகிய ஊர். கடல் வாணிகமும் சங்கு குளித்தலும் அதன் பழந்தொழில்கள். இலங்கை, மலேசியா, பின்னர் வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகப் போய்வருவது இங்குள்ள குடும்பங்களுக்குப் புதிதன்று. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இங்கிருந்துகொண்டு அரபிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் எழுதினார். அரபெழுத்தில் தமிழை எழுதிப் படிக்கும் அந்த மரபால், மதரசாவில் ஓதியவருக்கு இரண்டு மொழிகளின் இலக்கணமும் அருகருகே கிடைத்தது. 1984-இல் முகமது சதக் பொறியியல் கல்லூரியும், 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் தொடங்கப்பட்டபின் ஆங்கிலவழி உயர்கல்வி ஊருக்குள்ளேயே வந்தது.

இப்பின்னணியில் அரபின் பங்கு கவனிக்கத்தக்கது. அரபிலும் வினை தன்னோடு வரும் இடைச்சொல்லால் பொருள் மாறுகிறது. 'தஹப' என்றால் போனான்; 'பி' சேர்ந்து 'தஹப பி' என்றானால் கொண்டுபோனான். 'ரகிப' என்ற வினையோடு 'ஃபீ' வந்தால் ஒன்றை விரும்பினான், 'அன்' வந்தால் அதையே வேண்டாமென்று ஒதுக்கினான். ஒரே வினை, இடைச்சொல் மாறியதும் எதிர்ப்பொருள். இதை ஓதிப் பழகிய மாணவருக்கு 'டேக் ஆன்' பொறுப்பை ஏற்பதாகவும் 'டேக் ஆஃப்' கழற்றுவதாகவும் இருப்பது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. வினையைத் தனியே கற்காமல் அதனோடு வரும் இடைச்சொல்லையும் சேர்த்துக் கற்பது மதரசாவில் வழக்கமான முறை. அதை ஆங்கில வகுப்புக்கும் கொண்டுவரலாம்.

தமிழின் வழி: வினையோடு வினை

தமிழ் இதே வேலையை வேறு கருவியால் செய்கிறது. 'எடு' என்ற ஒரு வினையைப் பார்த்தால் போதும். எடுத்துக்கொள், எடுத்துவை, எடுத்துப்போடு, எடுத்துக்கொடு, எடுத்துச்சொல், எடுத்தெறி என்று அது அடுத்துவரும் வினையால் பொருளை மாற்றிக்கொள்கிறது. பெயரோடு சேர்ந்தால் பசியெடுக்கிறது, தாகமெடுக்கிறது, பேரெடுக்கிறான், ஓட்டமெடுக்கிறான், தலையெடுக்கிறான். 'படம் எடு' என்ற ஒரே தொடர் பாம்புக்கு ஒன்று, ஒளிப்படக்காரருக்கு ஒன்று, திரைப்பட இயக்குநருக்கு ஒன்று. கரையோரப் பேச்சில் 'குளி' என்ற வினை முத்தோடும் சங்கோடும் சேர்ந்ததும் நீராடுவதை விட்டுக் கடலடியில் மூழ்கி எடுப்பதைக் குறிக்கிறது. முஸ்லிம் வீடுகளில் நோன்பை வைப்பதும் பிடிப்பதும் திறப்பதும் எளிய வினைகளே. பொது வினை ஒன்று சூழலால் புதுப்பொருள் பெறுவது தமிழருக்குப் பிறவிப் பழக்கம்.

இரண்டாவதாக வந்து நிற்கும் வினையைத் தமிழ் இலக்கணம் துணைவினை என்கிறது. விடு, கொள், வை, போடு, தொலை, தள்ளு ஆகியவை தம் சொந்தப் பொருளை இழந்து, செயல் எப்படி முடிந்தது, யாருக்குப் பயன்பட்டது, சொல்பவர் மனநிலை என்ன என்பவற்றைக் காட்டுகின்றன. இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வினைகளை விரிவாக ஆராய்ந்தார். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இவற்றைத் துணைவினை என்று குறித்துத் தனிப்பொருள் தந்தது.

ஆங்கில இடைச்சொற்களில் சில இந்தத் துணைவினைகளுக்கு மிக நெருக்கமாக நிற்கின்றன. 'யூஸ் அப்' என்பதில் 'அப்' மேலே என்ற பொருளை இழந்து முழுதும் முடிந்ததைக் காட்டுகிறது. தமிழில் அது 'தீர்த்துவிடு'. ஒருவர் சொல்வதைக் குறித்து வைப்பது 'டேக் டவுன்'. தமிழில் அது 'எழுதிக்கொள்'. தவறாகச் சொன்னதைத் திரும்பப் பெறுவது 'டேக் பேக்'. தமிழில் 'திரும்ப எடுத்துக்கொள்'.

வேறுபடும் இடமும் தெளிவானது. திசையைக் காட்டுவதற்கு ஆங்கிலம் இடைச்சொல்லையும் தமிழ் வினையையும் நம்பியிருக்கின்றன. மொழிகளை இவ்வடிப்படையில் இரு வகையாகப் பிரித்தவர் லெனர்ட் டால்மி. அலமாரி மேலிருந்து பெட்டியை 'டேக் டவுன்' செய்தால் தமிழர் இறக்குகிறார். இயந்திரத்தை 'டேக் அபார்ட்' செய்தால் பிரிக்கிறார். சட்டையை 'டேக் ஆஃப்' செய்தால் கழற்றுகிறார். ஆங்கிலத்தில் ஒரே வினையாக இருப்பது தமிழில் இறக்கு, பிரி, கழற்று என மூன்றாகிறது. தமிழ் மாணவர் முழுப்பொருளையும் ஒற்றை வினையில் தேடுவதால் 'ரிமூவ்' போன்ற சொல் உடனே நாவில் வருகிறது. இடைச்சொல்லில் பொருள் இருக்கிறது என்பது கண்ணுக்குப் படுவதில்லை.

'எடு'வை அப்படியே 'டேக்' ஆக்குவதிலும் சிக்கல் உண்டு. வங்கியில் பணம் எடுக்கிறோம், பல் மருத்துவர் பல்லை எடுக்கிறார், காப்பீட்டு பாலிசி எடுக்கிறோம். இம்மூன்றுக்கும் ஆங்கிலம் 'டேக் அவுட்' என்கிறது. தமிழில் 'வெளியே' என்று சொல்லும் தேவை இல்லாததால் 'அவுட்' விடுபட்டுப்போகிறது. ஆசிரியர் பாடம் எடுப்பது இந்திய ஆங்கிலத்தில் 'டேக்கிங் கிளாஸ்' ஆகிறது. அமெரிக்கர் காதில் அது வகுப்பில் மாணவராகச் சேர்ந்து படிப்பதாகவே விழும். பசியும் தாகமும் தமிழில் எடுக்கும், ஆங்கிலத்தில் 'டேக்' அவற்றுக்கு வராது. தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களும் உள்ளன: ஓட்டமெடுப்பதற்கு ஆங்கிலமும் குதிகாலைச் சேர்த்து 'டேக் டு ஒன்ஸ் ஹீல்ஸ்' என்று அதே வினையைத்தான் பயன்படுத்துகிறது.

இடைச்சொல் வழியாக 'டேக்'

பட்டியலை வினையின் கீழ் அடுக்காமல் இடைச்சொல்லின் கீழ் அடுக்கினால் பொருள்களுக்கிடையே உள்ள தொடர்பு தெரியவரும்.

'ஆஃப்' ஒட்டியிருந்தது பிரிவதைக் காட்டும். உடலை விட்டு உடை, தரையை விட்டு விமானம், வேலையை விட்டு ஒரு நாள் விடுப்பு, விலையிலிருந்து தள்ளுபடி ஆகியவை இதில் அடங்கும். தொழில் திடீரென்று வளர்வதை 'டேக் ஆஃப்' என்பது விமானத்திலிருந்து வந்த நீட்சி.

'ஆன்' ஒன்றின் மேல் ஏறுவதைக் காட்டும். பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொள்வது, ஆளை வேலைக்குச் சேர்த்துக்கொள்வது, வலியவரோடு மோதுவது, ஒரு பொருள் புதிய நிறமோ தன்மையோ கொள்வது எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

'இன்' எல்லைக்குள் வருவது. வீட்டுக்குள் வந்தால் அடைக்கலம், மனத்துக்குள் வந்தால் புரிதல், வலைக்குள் விழுந்தால் ஏமாற்றம், துணி உள்ளே மடிந்தால் இறுக்கமான தையல். 'அவுட்' இதற்கு எதிர். பணம், பல், கடன் ஆகியவற்றோடு, விருந்தினரை உணவகத்துக்கு அழைத்துச் செல்வதும் இதில் சேரும். ஒருவர் மேலுள்ள கோபத்தை இன்னொருவர் மேல் காட்டுவது 'டேக் இட் அவுட் ஆன்'.

'அப்' கீழிருந்து கைக்கு வருவது. புதிய பழக்கத்தைத் தொடங்குவது, பதவியில் சேர்வது, ஒரு பிரச்சினையைக் கையிலெடுப்பது என்பவற்றோடு, இடத்தையும் நேரத்தையும் அடைத்துக்கொள்வதும் இதன் பொருள். 'ஓவர்' கட்டுப்பாடு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவது. நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்குவதற்கும், இரவு ஷிஃப்டிலிருந்து பகல் ஷிஃப்ட் பொறுப்பேற்பதற்கும் அதே சொல்தான்.

'டு'வும் 'ஆஃப்டரும்' வேறு வகை. ஒருவரையோ ஒன்றையோ பார்த்த சில நாளில் பிடித்துப்போவது 'டேக் டு'. பிள்ளை வாப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பது 'டேக் ஆஃப்டர்'. சாயலுக்கும் குணத்துக்கும் வரும், ரத்த உறவில் மூத்தவரைச் சொல்ல மட்டுமே வரும்.

இவ்வகைத் தொகுப்பு பயன் தருகிறதா என்று 1996-இல் கோவெச்சஸ், சாபோ ஆகியோர் ஹங்கேரிய மாணவரிடம் சோதித்தனர். 'அப்', 'டவுன்' ஆகியவற்றின் உருவகப் பொருளை விளக்கிக் கற்பித்த குழுவினர், தாய்மொழிப் பொருளை மனப்பாடம் செய்த குழுவினரைவிடப் புதிய ஃபிரேசல் வெர்ப்களை நன்றாக ஊகித்தனர்.

தொடரில் இடம்

பொருள் தெரிந்தபின் சொல்வரிசை தெரியவேண்டும். பள்ளிவாசல் படியில் நிற்பவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் கூறலாம். பெயருக்குப் பதில் பிரதிப்பெயர் வந்தால் 'டேக் தெம் ஆஃப்' என்று நடுவில் மட்டுமே வரும். கடைசியில் வைத்தால் பிழை. 'டேக் ஆஃப்டர்', 'டேக் டு' ஆகியவற்றில் இடைச்சொல் வினையை விட்டுப் பிரியாது. 'டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்' என்றே சொல்லவேண்டும். ஒலியும் இதைக் காட்டிக்கொடுக்கும்: பிரியக்கூடிய வகையில் இடைச்சொல் அழுத்தமாக ஒலிக்கும். அதே சேர்க்கை பெயராகும்போது அழுத்தம் முன்சொல்லுக்கு நகர்ந்து, விமானப் புறப்பாட்டைக் குறிக்கும் 'டேக்ஆஃப்' பிறக்கிறது.

'டேக்' அடங்கிய மரபுத்தொடர்களில் இடைச்சொல்லின் ஏரணம் துணைக்கு வராது. நிகழ்வதற்கு 'டேக் பிளேஸ்', பங்கெடுப்பதற்கு 'டேக் பார்ட்', இருப்பதுதானே என்று மதிக்காமல் விடுவதற்கு 'டேக் ஃபார் கிரான்டட்', சொன்னதை முழுதும் நம்பாமல் கேட்பதற்கு 'டேக் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்பவை முழுத்தொடராகவே கற்கவேண்டியவை. இவற்றுக்கும் ஃபிரேசல் வெர்ப்புக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது பாடநூல்களில் காணப்படும் குறை.

கற்பிக்கும் வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் எட்டு இடைச்சொற்களின் நேர்ப்பொருளைக் கைச்செயலாலும் இடப்பொருளாலும் காட்டலாம்: ஏற்றுவது, இறக்குவது, கழற்றுவது, உள்ளே வைப்பது. அடுத்து, ஒரு வினையை எடுத்து ஒவ்வொரு இடைச்சொல்லோடும் அடிக்கடி வழங்கும் ஒன்றிரண்டு பொருள்களை மட்டும் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஈடான வினையோ துணைவினையோ என்ன என்று எழுதி, 'அவுட்' போலத் தமிழில் வெளிப்படாமல் போகும் இடங்களைத் தனியே குறிக்கவேண்டும். அரபு அறிந்தவருக்கு 'ரகிப ஃபீ', 'ரகிப அன்' போன்ற இணைகளை ஒப்பிட்டுக் காட்டலாம். மரபுத்தொடர்கள் கடைசியில், முழுத்தொடராக.

பயிற்சி எவ்வடிவில் அமையவேண்டும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் நடத்திய கற்பித்தல் திட்டம், இலக்கண விதியை முன்வைக்காமல் செய்துமுடிக்க வேண்டிய பணிகளை மாணவரிடம் கொடுத்தது. பொருளில் கவனம் நிற்கும்போது அமைப்பு தானே படியும் என்பது அதன் கொள்கை. 'டேக்' வினைக்கு அப்படிப்பட்ட பணிகள் எளிதில் கிடைக்கும்: இயந்திரத்தைப் பிரித்து மாட்டும் வழிமுறை, தொலைபேசியில் செய்தியைக் குறித்துக்கொள்வது, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது, வேலை நேர்முகத்தில் புதிய பொறுப்பை ஏற்க விருப்பம் சொல்வது. கோடிட்ட இடத்தை நிரப்பும் ஒரு மதிப்பெண் வினா, சேர்க்கை நினைவிருக்கிறதா என்பதை மட்டுமே அளக்கும். 'ரிமூவ்' என்று சொல்லித் தப்பிக்க வழியுள்ள இடத்தில் மாணவர் தாமாகவே 'டேக் ஆஃப்' என்கிறாரா என்பதை இத்தகைய பணிகளில்தான் அறியமுடியும்.